வெளி அறைக் கேள்விகள்

உங்களுக்கு ரொம்ப நெருக்கமான சிநேகிதர் ஒருத்தர் பேரைச் சொல்ல முடியுங்களா என்று மங்கையர்க்கரசி கேட்டதும், மாவு மில் பொன்னுரங்கம் அண்ணாந்து ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். பார்க்கட்டும், நிதானமாகப் பார்க்கட்டும், அவசரமே இல்லை என்று மங்கை நினைத்துக்கொண்டாள். அவர் சிநேகிதனுடைய பேரைச் சொன்னாலும் ஒன்றுதான், குலதெய்வத்தின் பேரைச் சொன்னாலும் ஒன்றுதான். அந்தப் பதிலை உலகத்தில் ஒருத்தரும் படிக்கப்போவதில்லை. அவளுடைய கேள்விகள் எல்லாம் வெளி அறைக் கேள்விகள். திருச்சியில் இருக்கிற ஆய்வு மையம் குடும்பம், கல்யாணம், சிநேகம் என்று மூன்றையும் சேர்த்து ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தது. அதில் உண்மையான கேள்விகள் மனைவிமாருக்கு. வீட்டில் உன்னை எப்படி வைத்திருக்கிறார்கள், மனசில் உள்ளதை யாரிடம் சொல்வாய், சொல்ல ஆள் உண்டா என்கிற மாதிரிக் கேள்விகள். இதைக் கேட்கப்போகிறோம், கொஞ்சம் தெருமுனை வரைக்கும் போய் நில்லுங்கள் என்றால் எந்தப் புருஷன் போவான்? அதனால் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி மனைவியோடு உள் அறையில் உட்காருவாள். இன்னொருத்தி புருஷனோ மாமியாரோ யார் குறுக்கே வருவார்களோ அவர்களைப் பிடித்து வெளி அறையில் உட்காரவைத்து, கௌரவமாக ஒரு கேள்வித்தாளை எடுத்து நீட்டி முழக்கி எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அலுவலகத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். மங்கை கிழிபடுகிற தாளுக்குச் சொந்தக்காரி. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அவள் வருத்தமெல்லாம் இன்றைக்குத் துறையூரில் மின்தடை என்பதுதான். மில் ஓடினால் பக்கத்து வீட்டில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. இன்றைக்கோ மில் ஓடவில்லை, விசிறி ஓடவில்லை, டிவி ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உள் அறையில் உட்கார்ந்திருக்கிற ஜோடிக்காரி மெஹர் தொண்டையைச் செருமுவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. மில் ஓடாததால் புருஷனும் வீட்டில். எல்லாம் ஒரே நாளில் கூடி வந்திருந்தது.

அதனால் மங்கை குரலை உயர்த்தி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல, சிநேகிதருங்க, சின்ன வயசுலேர்ந்து பழகுறவங்க, யாராச்சும் இருப்பாங்கல்ல என்று இன்னொரு தரம் கேட்டாள். நேற்று அரைத்த மிளகாய் நெடி வீடு முழுக்கத் தங்கியிருந்தது. தொண்டையில் ஒரு கமறல் வந்து நின்றது, இருமினால் நிற்காது என்று தெரியும், விழுங்கினாள். மெஹர் காலையில் பஸ்ஸில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதுதான் சொன்னாள், முழுசாகச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் ஒரு விஷயம் பேசணும்க்கா, மேடம்கிட்டயும் சொல்லிட்டேன் என்றாள். அதற்குள் நடத்துநர் வந்துவிட்டார், அப்புறம் வழியில் ஏறிய கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் நின்றுகொண்டார்கள், அப்புறம் இறங்குகிற இடம் வந்துவிட்டது. ஒரு விஷயம் பேசணும் என்பதில் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும். மேடம்கிட்டயும் சொல்லிட்டேன் என்பதுதான் காலையிலிருந்து மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மையத்தில் வேலை பிரித்துத் தருகிற மேடத்திடம் சொல்ல என்ன இருக்கிறது? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். மங்கையின் மடியில் கனம் இருந்தது. மெஹர் கண்டுபிடித்து மங்கையின் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாளா, எப்படிச் சொல்லியிருப்பாள், பாவம்னு சொல்லியிருப்பாளா, இல்லை சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாளா. மெஹர் சிரிக்கிறவள் இல்லை. ஆனால் யாரை நம்ப முடிகிறது. மங்கை தாளில் எதையோ எழுதினாள். என்ன எழுதினோம் என்று பார்த்தால் மெஹர் மெஹர் என்று இரண்டு முறை எழுதியிருந்தது. நல்லவேளை, கிழிபடுகிற தாள்.

எல்லாம் அந்தப் பயிற்சி வகுப்பில் வந்த வினை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மையத்தின் கூடத்தில் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருத்தி கேட்கவேண்டும், மற்றவள் பதில் சொல்லவேண்டும், பதில் சொல்கிறவள் ஒரு பொய்யான வாழ்க்கையைக் கட்டிச் சொல்லவேண்டும் என்றார்கள். ஆளுக்கு ஒரு பொய் வாழ்க்கை. ஒருத்தி குடிகாரப் புருஷனைக் கட்டினாள், ஒருத்தி சர்க்கரை டப்பாவைப் பூட்டிவைக்கும் மாமியாரைக் கட்டினாள், கூடமே கலகலவென்று இருந்தது. மங்கை எதிர்வீட்டுப் பெண்ணின் கதையைச் சொல்வதாகத்தான் மனசில் வைத்திருந்தாள். எதிரே மெஹருன்னிசா. அன்றைக்குத்தான் முதல் பழக்கம். மெஹர் கேள்வியைப் படித்துவிட்டு நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, உங்க வீட்டுக்காரர் உங்களக் கடைசியா பேர் சொல்லிக் கூப்பிட்டது எப்பக்கா என்று கேட்டாள். எதிர்வீட்டுப் பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. மங்கையின் வாய் தானாகத் திறந்து, ஞாபகம் இல்லைங்க என்றது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிற்கவில்லை. பாத்திரம் கவிழ்ந்தால் கொட்டுவதுபோலக் கொட்டியது. கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த மிருணாளினி மேடம் காதில் அதில் கொஞ்சம் விழுந்திருக்கிறது. சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்னாலும் மங்கையை எழுந்து நிற்கச் சொன்னார். இவங்களப் பாருங்க, என்ன ஒரு இயல்பு, இப்படித்தான் கதாபாத்திரமாவே மாறிடணும் என்றார். கைதட்டல். அன்றைக்கு மெஹருக்குத் திட்டு, மங்கைக்குக் கைதட்டல். இவ்வளவு நன்றாக நடிப்பவளை விட்டால் வெளி அறைக்கு வேறு ஆள் ஏது என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் உண்மையைப் பேசினாள். அதற்குப் பரிசாகப் பொய் பேசுகிற வேலை கிடைத்தது.

சிங்காரம்னு ஒருத்தன் இருக்கான் என்றார் பொன்னுரங்கம், விசிறியிலிருந்து கண்ணை இறக்கி. மங்கை நிம்மதியாக மூச்சுவிட்டாள், பேச ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் கடை வச்சிருந்தான், இப்ப வாடகைக்கு விட்டுட்டான், என்னாத்துக்கு அது, கேள்வி அது இல்லையே என்று நிறுத்தினார். கேள்வி அதுதானுங்க, சொல்லுங்க என்றாள். சொல்லட்டும். இவர் சத்தமாகப் பேசுகிறவர், அதுவும் நல்லதுதான். உள்ளே இவருடைய மனைவி அம்சவேணி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. அது மங்கைக்கு ஒருநாளும் தெரியவராது. இத்தனை வீடு போயிருக்கிறார்கள், உள் அறையில் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட மெஹர் வெளியே கொண்டுவந்ததில்லை. பஸ்ஸில் வரும்போது சில நாள் கண்ணை மூடிக்கொண்டு வருவாள், அவ்வளவுதான். இந்தப் பொன்னுரங்கத்தைப் பார்த்தால் தப்பானவராகத் தெரியவில்லை. ஆனால் யாரைப் பார்த்தால்தான் தெரிகிறது. அறிவழகனைப் பார்த்தால் தெரியுமா?

அறிவழகன் மங்கையின் புருஷன். தில்லைநகரில் மருந்துக் கடை. கடைக்கு வருகிறவர்கள் மாத்திரை வாங்க வருகிறார்களா, அவனோடு பேச வருகிறார்களா என்று சொல்ல முடியாது. சுகர் எப்படிம்மா இருக்கு, மாமியாருக்கு மூட்டு வலி தேவலையா, சின்னவன் இருமறது நின்னுச்சா என்று பேர் பேராக, வியாதி வியாதியாக விசாரிப்பான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வாயையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவான். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்த நாளிலிருந்து என்று சொல்லலாம். மகள் கயல் வீட்டில் இருந்தவரை எல்லாம் அவள் வழியாக நடந்தது. கயலு, அம்மாவ மாத்திரை போடச் சொல்லு என்பான். அம்மா அங்கேயேதான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கயல் கோயம்புத்தூரில் படிக்கப் போனபிறகு அவன் பொதுவாகப் பேசத் தொடங்கினான். காபி இருந்தா நல்லாருக்கும் என்று டம்ளரைப் பார்த்துச் சொல்வான். கேஸ் தீந்துபோச்சு போல என்று ஜன்னலுக்குத் தெரிவிப்பான். டம்ளருக்கும் ஜன்னலுக்கும் இருக்கிற யோகம். மங்கை முதலில் கோபப்பட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், வாழைப்பூ வடை சுட்டுப் பார்த்தாள், பிறகு அவளும் டம்ளருக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பிற வீட்டு வாசலை மிதித்தது கிடையாது. தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். நாத்தனார் ஒருமுறை, உனக்கென்ன குறைச்சல் மங்கை, எங்கண்ணன் உன்ன ஒரு சொல் சொல்லியிருப்பாரா என்றாள். இல்லை, சொல்லவில்லை. அது சத்தியமான வார்த்தை. மையத்தின் கேள்விகளைப் படித்தபோது மங்கை தன் வீட்டை அதில் தேடினாள். அடித்தாரா, இல்லை. திட்டினாரா, அதற்கும் வாயைத் திறக்கவேண்டுமே. வெளியே போகவிடாமல் தடுத்தாரா, போகிறாளா இருக்கிறாளா என்று யார் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று குறித்துக்கொண்டு போனால் கடைசியில் உலகத்திலேயே சுகமான பெண்டாட்டி அவள்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மூச்சு இங்கேதான் வந்தது. வேலைக்கு வந்தபிறகு. காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் மெஹர் இடம் பிடித்து வைத்திருப்பாள். மெஹர் வீட்டில் ஆள் அதிகம், வாயை மூடு என்று சொல்வதற்கே ஒரு ஆள் தனியாக வேண்டும் என்பாள். கொழுந்தன், கொழுந்தன் பிள்ளைகள், வேன் ஓட்டும் புருஷன், யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்காது என்று அவள் சொல்லச் சொல்ல மங்கை கேட்டுக்கொண்டே வருவாள். சில நாள் இவளும் பேசுவாள், கயலைப் பற்றி, கோலமாவு விலை பற்றி, எதையாவது. வாய்க்குச் சுவை தெரிய ஆரம்பித்ததே அந்த பஸ்ஸில்தான். மேடம் பயிற்சியிலேயே ஒன்று சொல்லியிருந்தார். உங்கள்ல யாருக்காச்சும் வீட்ல இந்த மாதிரிக் கஷ்டம் இருந்தா தனியா வந்து சொல்லிடுங்க, வீடு வீடாப் போய்க் கேக்கறது உங்களையே நோக வச்சிடும், ஆபீஸ்லயே வேலை தர்றோம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆபீஸ் வேலை என்றால் மாடியில் ஒரு குளிர் அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு எண்களைத் தட்டுவது. ஊமை வீட்டிலிருந்து புறப்பட்டு ஊமை அறைக்குப் போய், சாயங்காலம் ஊமை வீட்டுக்குத் திரும்பவேண்டும். மங்கை போய்ச் சொல்லவில்லை. கஷ்டம் என்றால் அடி உதைதானே, நமக்குத்தான் அதெல்லாம் கிடையாதே என்று தனக்கே வக்கீலாக வாதாடிக்கொண்டாள். இப்போது மெஹர் போய்ச் சொல்லிவிட்டாளோ. அக்காவ மாடிக்கு அனுப்பிடுங்க மேடம், பாவம் என்று. நாளையிலிருந்து பஸ்ஸில் மெஹர் பக்கத்தில் வேறு யாரோ. போகிறது வேலை என்று இருக்கலாம், வேலைக்கு என்ன, வேறு வேலை கிடைக்கும். இந்த ஒரு பேச்சுத் துணை போனால் வேறு கிடைக்காது. அவளுக்கு நாற்பத்தைந்து ஆகப்போகிறது. இந்த வயசில் புதிதாக ஒருத்தியைத் தேடிப் போய் என்னோடு பேசுகிறாயா என்று கேட்கமுடியுமா?

தினம் சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல உக்காருவோம், ரொம்ப நேரம் உக்காருவோம், ஒண்ணும் பேசமாட்டோம் என்றார் பொன்னுரங்கம்.

மங்கை தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். ஒண்ணுமேவா என்றாள். இது தாளில் இல்லாத கேள்வி. அவர் சிரித்தார். என்னாத்தப் பேசறது, அவன் டீய ஆத்திக் குடிப்பான், நான் ஆத்தாமக் குடிப்பேன், ஒரு நா அவன் வரலன்னா எனக்கு டீ எறங்காது, அவ்ளோதான் என்றார். மங்கைக்கு இது எங்கேயோ போய்ச் சிக்கிக்கொண்டது. இவர்களும் பேசுவதில்லை. ஆனால் ஒருத்தன் வராவிட்டால் மற்றவனுக்கு டீ இறங்கவில்லை. அப்படியானால் பேசாமல் இருப்பதல்ல விஷயம். அறிவழகனுக்கு இவள் வராவிட்டால் டீ இறங்காதா? அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தபோது, டம்ளர் கழுவி வைத்திருந்தது, காபித்தூள் குறைந்திருந்தது, நன்றாகத்தான் இறங்கியிருந்தது. இப்படிக்கூட யோசிக்கலாமா, ஒருவேளை அவனுக்கும் ஏதாவது தொண்டையில் நிற்கிறதோ, ஒருவேளை மருந்துக் கடையில் நாளெல்லாம் பேசிப் பேசி... வேண்டாம். அவனுக்காகவும் இவளே வக்கீல் பிடிக்கவேண்டாம். எத்தனை வருஷம் பிடித்தாயிற்று. அப்போது பொன்னுரங்கம், உள்ள என்னா இவ்ளோ நேரம், எங்கிட்ட கேக்கறதையேதான் அவகிட்டயும் கேக்கறாங்களா என்றார். மங்கை கண்ணிமைக்கவில்லை. ஆமாங்க, அதே கேள்விதான், பொம்பளைங்க சிநேகிதிங்க பேரை யோசிச்சு யோசிச்சுச் சொல்வாங்க, பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க, போன வாரம் ஒரம்மா ரெண்டாங்கிளாஸ் சிநேகிதியிலேர்ந்து ஆரம்பிச்சு எங்களுக்கு பஸ்ஸே போயிடுச்சு என்றாள். எங்கிருந்துதான் வருகிறதோ. ரெண்டாங்கிளாஸ் சிநேகிதிக்கு அவள் ஒரு பேர் கூட வைத்திருந்தாள், அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே பேச்சு நின்றது. அமைதியில் அம்சவேணி மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஒரு தரம், இன்னொரு தரம். ஜலதோஷமாக இருக்கலாம், மிளகாய் நெடியாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். பொன்னுரங்கத்தின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. தண்ணி குடிச்சிட்டு வர்றேன் என்று முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தக் கதவு. ஐயா, முக்கியமானது ஒண்ணு விட்டுப்போச்சுங்க என்றாள், குரல் அவள் நினைத்ததைவிட உயரமாக வந்தது. என்ன முக்கியம், என்ன கேட்பது, தாளில் மிச்சம் இருந்ததெல்லாம் அசட்டுக் கேள்விகள். கண்ணுக்கு எதிரே திறந்த வாசல் கதவு வழியாக நின்றுபோன மில் தெரிந்தது. மில்லுக்குக் கல்லு கொத்துவாங்களே, அது எப்பங்க கொத்தணும்னு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பொன்னுரங்கம் நின்றார். திரும்பினார். யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அது மாவத் தொட்டாத் தெரிஞ்சிடும்ங்க, சூடா வரும், கல்லு மழுங்கிருச்சுன்னா மாவு வெந்தாப்புல வரும் என்று உட்கார்ந்துவிட்டார். கையை விரித்து மேல் கல் கீழ்க் கல் என்று காட்டத் தொடங்கினார், குரலும் மில்லுக்குள் பேசுகிற குரலாக ஏறிவிட்டது. இனி கவலை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஹரின் முணுமுணுப்பு திரும்ப ஆரம்பித்தது.

ஆள் வந்தால் பேச்சை மாற்று என்பது பாடத்தில் இருந்ததுதான். உள் அறையில் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது நெருங்கினால், சட்டென்று சமையலைப் பற்றியோ சாமானைப் பற்றியோ கேட்கத் தொடங்கிவிடவேண்டும். சொல்கிறவளைக் காப்பாற்றுவதற்கு அது ஒன்றுதான் வழி. மங்கைக்கு இப்போது எதற்கோ மயிர்க்கால் சிலிர்த்தது. ஏன் என்று உடனே புரியவில்லை. மேல் கல்லு சுத்தும், கீழ்க் கல்லு சுத்தாது என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். நல்லெண்ணெய். நல்லெண்ணெய் எங்கிருந்து வந்தது? பயிற்சிக் கூடம். அவள் கொட்டிக்கொண்டிருந்தாள், டம்ளரைப் பற்றி, ஜன்னலைப் பற்றி. மெஹர் கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரியில் கரண்ட் போனபோது என்று மங்கை ஆரம்பித்தாள், இருட்டில் அவன் பக்கத்தில் படுத்திருந்தும் இவள் யாரோ என்று பயந்துபோன அந்தக் கதை. அதற்குள் மெஹர் திடீரென்று, குரலை மாற்றி, வீட்ல சமையலுக்கு நல்லெண்ணெயாக்கா கடலெண்ணெயா என்று கேட்டாள். மங்கைக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. கேட்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது, சலித்துவிட்டது போலிருக்கிறது என்று அன்றைக்கெல்லாம் வேகாளமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் மேடம். மேடம்கூட மெஹரைத்தான் பிடித்துக்கொண்டார். என்னம்மா நீ, வெளி ஆள் யாரு வந்தாங்க, நான்தானே வந்தேன், இது வெறும் பயிற்சிதானே, எதுக்குப் பேச்சை மாத்தின, எவ்ளோ அழகாச் சொல்லிட்டிருந்தாங்க என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மெஹர் தலையைக் குனிந்துகொண்டு, தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன் மேடம் என்றாள்.

தப்பாகப் புரிந்துகொண்டாளா. மெஹரா. அந்தக் கூடத்தில் அவளைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவர் யார்? பொய் வாழ்க்கையை யாராவது மறைப்பார்களா? குடிகாரப் புருஷனைக் கட்டியவள் சொல்லிக்கொண்டிருந்தபோது மேடம் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்தார், யாரும் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. சர்க்கரை டப்பா மாமியாருக்கும் யாரும் திரை போடவில்லை. மங்கைக்கு மட்டும்தான் மெஹர் பேச்சை மாற்றினாள். உண்மையாக இருந்தால்தான் மாற்றவேண்டும். முதல் நாளே தெரிந்திருக்கிறது. பேர் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு பொம்பளைக்காக, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் இடம் பிடித்து வைத்து, குழம்புக் கதையும் கொழுந்தன் கதையும் சொல்லிக்கொண்டு, வீட்டில் உன் புருஷன் எப்படி என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டதில்லை. மங்கை அதைக்கூட, இவளுக்கு நம் வீட்டைப் பற்றி என்ன அக்கறை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அடி அசடே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவள் எதை மூடி மூடி வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுமந்தாளோ அது பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. வானம் இடியவில்லை. பஸ் அதுபாட்டுக்குப் போயிற்று, மெஹர் அவள்பாட்டுக்குப் பாதி முறுக்கை உடைத்து நீட்டினாள். உள் அறையில் கேட்டதை வெளியே கொண்டுவராதவள் இவள் சொன்னதை மட்டும் எங்கே கொண்டுபோயிருக்கப் போகிறாள்? மங்கைக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இத்தனை நாள் தோளைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது தோள் இறங்கியபோதுதான் தெரிந்தது. தொண்டைக் கமறல் உடைந்து இருமல் வந்தது, இருமினாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் கூடவே வந்தது. மொளகா நெடி உங்களுக்கு ஒத்துக்கல என்று பொன்னுரங்கம் வருத்தப்பட்டார். ஒத்துக்குதுங்க, நல்லாத்தான் இருக்கு என்றாள் மங்கை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உள் அறைக் கதவு திறந்தது. அம்சவேணி மோர் கொண்டுவந்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை. என்னா கேட்டாங்க என்று பொன்னுரங்கம் கேட்டதற்கு, உங்களக் கேட்டதையேதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினாள். மங்கை மோரைக் குடித்தாள். பெருங்காயம் போட்ட மோர், குளிர்ச்சியாக இறங்கியது. புறப்படும்போது பொன்னுரங்கம் வாசல்வரை வந்து, கல்லு கொத்தறதப் பத்தி எழுதிக்கிட்டீங்களா என்று கேட்டார். மங்கை எழுதிக்கிட்டேன் என்றாள். அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. இந்த ஒரு தாளைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில் நிழல் இருந்த பக்கமெல்லாம் கூட்டம். பூக்காரம்மா ஒருத்தி, குழந்தையைத் தூளித்துணியில் கட்டித் தூக்கிய ஒருத்தியின் குடும்பம், முறுக்கு விற்கிறவர், எல்லோரும் ஒரே தூணுக்குப் பின்னால் ஒண்டியிருந்தார்கள். இவர்களும் ஒண்டினார்கள். காலைல சொன்னேன்லக்கா என்று மெஹர் ஆரம்பித்தாள். தன்னால் முடியவில்லை என்றாள். உள் அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, கேட்டதெல்லாம் வீட்டுக்குக் கூடவே வருகிறது, ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறாள், புருஷன் என்ன என்ன என்கிறான், அவனிடமும் சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்கு வெளி அறையில் உட்கார்ந்து யாரிடமாவது சைக்கிள் கடையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் போல இருக்கிறது. மேடத்திடம் சொன்னாளாம். மங்கை சரின்னு சொன்னா மாத்திக்கோங்க என்றாராம். இதுதான், இவ்வளவுதான் விஷயம்.

மங்கை சரி என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருக்கலாம், சொன்னால் முடிந்துவிடும். ஆனால் மெஹர் எத்தனையோ நாள் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டாள், இனியும் கேட்கமாட்டாள். இவளாகத்தான் திறக்கவேண்டும்.

"மெஹர், நான் உள்ள உக்காந்தா, அங்க ஒருத்தி சொல்றது என் கதையா இருந்துச்சுன்னா என்ன பண்றது?" என்றாள். "அன்னைக்குப் பயிற்சியில நான் சொன்னது கட்டுன கதை இல்ல."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரிஞ்சுது?"

மெஹர் யோசித்தாள். "நீங்க பொய் சொன்னா அழகாச் சொல்வீங்க. இன்னைக்கு உள்ளேர்ந்து கேட்டேனே, ரெண்டாங்கிளாஸ் சிநேகிதி. அன்னைக்கு அழகாவே இல்ல. முன்னும் பின்னுமா, தடுக்கித் தடுக்கி வந்துச்சு."

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பேர் கைதட்டிய இடத்தில் ஒருத்திக்கு மட்டும் அது அழகாகப் படவில்லை. உலகத்தில் இதைவிட நல்ல வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை என்று தோன்றியது.

"பாதியிலயே நிப்பாட்டிட்டேன் அன்னைக்கு," என்றாள் மெஹர். "கரண்ட் போன ராத்திரின்னு ஆரம்பிச்சீங்க. மேடம் பின்னால வந்துட்டாங்க. அதுக்கப்பறம் என்னக்கா ஆச்சு?"

திருச்சி பஸ் வளைந்து உள்ளே வந்தது. கூட்டம் ஓடிற்று. மெஹர் நகரவில்லை, பதிலுக்குக் காத்திருக்கிறவள் நிற்கிறமாதிரி நின்றாள். மங்கை ஆரம்பித்தாள். இருட்டுல முழிப்பு வந்துச்சு மெஹர், பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்க, யாருன்னே எனக்குத் தெரியல, கேக்கலாம்னா என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல என்றாள். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அடுத்து வந்த பஸ்ஸும் நிரம்பிக் கிளம்பிற்று. பூக்காரம்மா சரம் கட்டுவதை நிறுத்திவிட்டு இவர்கள் பக்கம் காதைத் திருப்பியிருந்தாள். தூளிக்காரியும் முறுக்குக்காரரும்கூடக் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். மெஹர் அதைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றவா என்பதுபோலக் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று மங்கை தலையசைத்தாள். குரலைக்கூடத் தணித்துக்கொள்ளாமல் மேலே சொல்லிக்கொண்டு போனாள்.